வாதாமரத்துப் புழு

நாகர்கோவில்
1934-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி

என் மகன் ஜெபதாஸுக்கு, இந்நாள் வரை நம்மை நடத்திவந்த கர்த்தருடைய கிருபையை முன்னிட்டு உன் தாய் நேசபாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை ராஜபாயும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்ற வார்த்தையை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அங்கே நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இலங்கையில் மலைக்காய்ச்சல் பரவுகிறதென்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், பிள்ளையைக் கொசுவலை இல்லாமல் படுக்கவைக்க வேண்டாம், தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். உன்னுடைய மூன்று கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதில் ஏன் இல்லை, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை மகனே. தக்கலை முத்துநாயகத்துக்கு நீ எழுதின கடிதம் என் கைக்கு வந்துவிட்டது, அதுதான் காரணம். அதைப் படித்த அன்றைக்கே எழுதியிருந்தால் வாயில் வந்ததையெல்லாம் எழுதியிருப்பேன், ஆகையால் இரண்டு வாரம் பொறுத்தேன். கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை, அதனால் இனிப் பொறுத்து என்ன என்று எழுத உட்கார்ந்தேன். நடந்ததை முதலிலிருந்து முறையாகச் சொல்கிறேன், நடுவில் தாண்டிப் போகாமல் படி.

ஜூன் மாதக் கடைசியில் ராஜபாயின் இரண்டு கைகளிலும் முழங்கை முதல் மணிக்கட்டு வரை அடிப்பக்கமாகத் தடிப்பு வந்ததை உனக்கு எழுதியிருந்தேன். சிவந்து தடிக்கும், இரவெல்லாம் சொறிவாள், பிறகு அந்த இடம் கருத்து, தோல் உரிந்து, அங்கங்கே நிறம் வெளுத்துக் கிடக்கும். முதலில் சூடு என்றோம், பிறகு ஏதோ பூச்சி கடித்தது என்றோம், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். வெள்ளிக்கிழமை வாக்கில் கொஞ்சம் தணியும், திங்கட்கிழமை மறுபடி கொப்புளம் போட்டுவிடும். திங்கட்கிழமையிலே ஏன் என்று கேட்க எனக்கு அப்போது புத்தி வரவில்லை. நம் தெருப் பெண்களுக்கு லேஸ் வேலைக்கு நூல் கொடுத்து, பின்னினதைச் சேர்த்து வாங்கிப்போகிற லீலாபாயை உனக்கு நன்றாகத் தெரியும். அவள் கையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது நல்ல கேள்விதான், வீட்டில் முருங்கை உண்டா, கம்பளிப்பூச்சி பட்டிருக்குமோ என்று கேட்டாள். நம் வீட்டில் முருங்கை கிடையாது, பக்கத்து வீடுகளிலும் கிடையாது. முருங்கை இல்லாத இடத்தில் கம்பளிப்பூச்சி ஏது என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அப்படியென்றால் சுத்தம் போதவில்லை என்று சொல்லிவிட்டாள்.

சுத்தம் போதவில்லை என்று நம்மைப் பார்த்து ஒருத்தி சொல்லிவிட்டால் பொறுக்குமா. வேதக்காரர் வீடு எது என்று ஊருக்குப் புதியவன் கேட்டால் முற்றத்தைப் பார்த்துக் கண்டுபிடி என்று சொல்லுவார்களாம், அப்படி வளர்ந்தவர்கள் நாம். லேஸ் பின்னுகிற தலையணைக்குக் கருநீலத் துணியில் உறை போடுவோம், வெள்ளை நூல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. பின்னுகிறவளின் முன்கை இரண்டும் நாள் முழுக்க அந்த உறையின்மேல்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை நாம் துணி நனைப்பதில்லை, ஆகையால் சனிக்கிழமைதோறும் உறையைத் துவைப்பது வழக்கம். மற்றத் துணிகளை முற்றத்து வெயிலில் போடுவோம், நீலச்சாயம் வெளுத்துவிடும் என்று இந்த உறையை மட்டும் வீட்டுக்குப் பின்னால் வாதாமரத்து நிழலில் கட்டின கொடியில் உலர்த்துவோம். லீலாபாய் சொல்லிப்போனதிலிருந்து புதன்கிழமையும் துவைத்தோம். கை இன்னும் மோசமானது. மோசமாக ஆக இன்னும் துவைத்தோம், வெந்நீரில் போட்டோம், சவக்காரம் இரட்டிப்பாகப் போட்டோம், மறுபடியும் கொண்டுபோய் அந்த மரத்தடியிலேயே உலர்த்தினோம். எங்கள் கையாலேயே அந்தப் பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு தடவை விஷம் வைத்தோம் என்பது இப்போது தெரிகிறது.

பெருவியாதி, குஷ்டம் என்ற வார்த்தையை முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. ஆகஸ்டு மாதம் லீலாபாய் நூல் கொடுப்பதை நிறுத்தினாள். எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா, வாங்குகவிய என்னமும் சொன்னா நாலு பேருக்க பொழப்பு போவும்லா என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள், உள்ளே வரவில்லை. சபையில் டீக்கனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இராப்போஜனக் கிண்ணம் எல்லாரும் வாய் வைத்துக் கைமாறி வருகிறதால் ராஜபாய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் மன சமாதானமாக இருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். ராஜபாய் கடைசியில் உட்கார்ந்தாள், கிண்ணம் வந்தபோது உதடு படாமல் சாய்த்துக் குடித்தாள், அப்படிச் செய்யும்படி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நூல் நின்றுபோன பிறகும் அவள் தலையணையை விடவில்லை. மீந்த நூலை வைத்துத் தன் கல்யாணச் சேலைக்கு ஓரம் பின்னிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் முத்துநாயகத்தின் மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேசி முடித்திருந்ததே, அந்த நம்பிக்கையில் பின்னினாள். டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்று இன்றைக்கு எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். காட்டினால் ஆமென்று சொல்லிவிடுவாரோ, ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெயர் ஏறிவிடுமோ, பிள்ளையைக் கொண்டுபோய் அந்த வியாதிக்காரர்களோடு வைத்துவிடுவார்களோ, கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். தகப்பன் இல்லாத வீட்டில் ஒரே ஆண்பிள்ளை நீ, ஆகையால் ஒருவருக்கும் சொல்லாததை உனக்கு எழுதி யோசனை கேட்டேன்.

உன்னைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிவிடுகிறேன். அவள் சாப்பிடுகிற வட்டிலையும் தண்ணீர் குடிக்கிற லோட்டாவையும் தனியாக எடுத்து அடுக்களை மூலையில் வைத்தது லீலாபாய் அல்ல, டீக்கனாரும் அல்ல, நான். ஒரு நாள் காலையில் கழுவி மற்றப் பாத்திரங்களோடு கவிழ்க்கப் போனேன், கை தானாக அதை விலக்கி மூலையில் வைத்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் அவளே போய் அந்த மூலையிலிருந்து எடுத்து, கழுவி, சோற்றுக்கு நீட்டினாள். பாயையும் அன்று ராத்திரியிலிருந்து அவளே வெளி அறையில் போட்டுக்கொண்டாள். பெற்ற வயிறு எரியவில்லையா என்று கேட்பாய். எரிந்தது, எரிந்துகொண்டேதான் வட்டிலைத் தனியாக வைத்தேன்.

செப்டம்பர் நடுவில் முத்துநாயகம் ஆள் அனுப்பினார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த ஆள், நாங்களா ஒண்ணும் நிறுத்தேல்ல, உங்க வீட்டிலேருந்தே கடுதாசி வந்தாச்சு, பொறவு நாங்க என்ன செய்ய என்று சொன்னான். ராஜபாய் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். நான் ஒரு கடிதமும் எழுதவில்லை, ஆகையால் அது அவர்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற பொய் என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ராஜபாய் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். கல்யாணம் நின்ற துக்கம் என்று எண்ணிக்கொண்டேன். சேலை ஓரம் பின்னுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை, இனி யாருக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த உறையை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு முற்றத்துத் துணிகளை எடுக்க ஓடினேன். சாயங்காலம் கழுத்து நமைத்தது. விடிந்து பார்த்தால் பிடரி முதல் இரண்டு தோள்பட்டை வரை பட்டைபட்டையாகத் தடித்திருந்தது. ஜெபதாஸ், அந்தக் காலையில் நான் பட்ட பயத்தை உனக்கு எழுத முடியாது. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன், தடிப்பு யார் கண்ணிலும் படவில்லை, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன், கிண்ணம் வந்தபோது வழக்கம்போலக் குடித்தேன். என் மகளைக் கடைசியில் உட்காரச் சம்மதித்தவள், எனக்கு என்று வந்தபோது நடுவில் உட்கார்ந்து குடித்தேன். மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் யோசித்ததுபோல மூன்று மாதத்தில் நான் யோசித்ததில்லை. மகள் கையில் இருந்தவரைக்கும் ஜெபம் பண்ணினேன், என் கழுத்துக்கு வந்த பிறகுதான் காரணம் தேடினேன்.

கண்ணாடியில் பார்த்தபோது தடிப்பு உறை கிடந்த அகலத்துக்குத்தான் இருந்தது, அதற்கு ஒரு விரல்கடை மேலும் இல்லை கீழும் இல்லை. வியாதிக்குத் துணியின் அளவு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் தோன்றியது. உறையை எடுத்து என் இடது கையின் உட்பக்கத்தில் நன்றாகத் தேய்த்தேன். அரிசி களைந்து உலையில் போடுவதற்குள் தடித்துவிட்டது. துணிப்பெட்டியில் இருந்த வேறொரு நீலத் துணி, ஒருநாளும் பின்னால் உலர்த்தாதது, அதை வலது கையில் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. சவக்காரம் இரண்டுக்கும் ஒன்றுதான், கிணறும் ஒன்றுதான். மிச்சம் இருந்தது அந்தக் கொடி. கொடியைப் பார்த்தேன், கொடி கட்டின மரத்தைப் பார்த்தேன். நீ கொழும்புக்குப் போன பிறகு நம் பின்சுவரை ஒட்டி ஒரு விறகுக்கடை வந்திருக்கிறது, அதை உனக்கு எழுதினேனோ என்னவோ. வாதாமரத்துக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிதான், அதற்குள் நாய்கூடப் போவதில்லை. அன்றைக்கு நான் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தேன். சுவர்ப்பக்கமாக மரத்தின் பட்டை ஓரிடத்தில் தடித்துப் பொருக்குத்தட்டினதுபோல இருந்தது. தென்னை ஈர்க்கிலால் தொட்டேன். பட்டை நெளிந்தது.

அவ்வளவும் புழு. ஒரு பாய் அகலத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலைகீழாகக் கிடந்தன, நூறோ இருநூறோ எண்ணவில்லை. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம், சாம்பலும் கருப்பும் கலந்த நிறம், மரப்பட்டையின் நிறமேதான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் முதுகில் செம்புள்ளி ஒரு வரிசை, இரண்டு பக்கமும் நரைமயிர்போல நீளமான மயிர், கழுத்தோரத்தில் குட்டையாகக் குச்சம் குச்சமாகப் பழுப்பு மயிர். முருங்கையில் காண்கிற கம்பளிப்பூச்சி இல்லை, இந்த வயதுவரை இப்படி ஒன்றை நம் ஊரில் நான் பார்த்ததே இல்லை. உரித்துப் போட்ட தோல்கள் கிளைக் கவட்டையில் சிலந்தி வலைபோலத் தொங்கின, கொடி அதற்கு நேர் கீழே. வாதா இலை ஓட்டை ஓட்டையாக விழுவதைத் தினமும் வாரிக் கொட்டியவள் நான்தான், வெட்டுக்கிளி என்று நினைத்திருந்தேன். இரண்டு புழுவை ஈர்க்கிலால் தள்ளி ஊறுகாய்ப் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டினேன்.

அன்று சாயங்காலம் ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து விறகு கொண்டுவருகிற வண்டிக்காரர் பொன்னுலிங்கம் கடையில் மரம் இறக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலாகப் பரணியைக் காட்டினேன். பார்த்தவுடனே சொல்லிவிட்டார். இது மருதம்புழுல்லா அம்மா, எங்க மலையடிவாரத்திலெ மருதமரத்திலெ சாக்கு பொதிஞ்சாப்பிலெ அப்பிக் கெடக்கும், பகல் முழுக்கப் பட்டையோட பட்டையாக் கெடந்துட்டு இருட்டினாத்தான் எலை திங்க மேலெ ஏறும், இஞ்ச டவுனுக்குள்ளெ எப்பிடி வந்து என்று ஆச்சரியப்பட்டார். பிறகு தானே யோசித்து, மருத விறகுப் பட்டைக்குள்ளே கூடு இருந்திருக்கும், தன் வண்டியில்தான் வந்திருக்கும், மருதமும் வாதாவும் ஒரே வகை மரமானதால் இங்கே பிடித்துக்கொண்டது என்றார். என் கழுத்தையும் ராஜபாயின் கையையும் காட்டினேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். எனக்க வண்டியிலெ வந்த சவம் பிள்ளைக்க கையிலெ ஏறிட்டே, எனக்குத் தெரிஞ்சிருந்தா அண்ணைக்கே சொல்லியிருப்பேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஐந்து மாதத்தில் ராஜபாயிடம் வருத்தம் சொன்ன மனிதர் இவர் ஒருவர்தான், அதுவும் ஒரு குற்றமும் செய்யாதவர். இப்படித் தடிப்பு வந்தால் எங்கள் ஊரில் எந்த மரத்தடியில் படுத்தாய் என்றுதான் முதலில் கேட்போம் என்றும் சொன்னார். நாம் அவளிடம் அதைக் கேட்கவில்லை. மறைத்து வைத்த பாவம் ஏதாவது உண்டா என்று நான் கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன்.

மறுநாள் அவரே ஈரச்சாக்கு கொண்டுவந்து புழுவையெல்லாம் வழித்துக் குழி தோண்டிப் புதைத்தார், நெருப்பு வைத்தால் மயிர் புகையோடு பறந்து தெருவெல்லாம் விழும் என்றார். தவிட்டை நல்லெண்ணெயில் குழைத்துத் தடிப்பின்மேல் உருட்டி எடுக்கச் சொன்னார், தோலில் குத்தி நிற்கிற மயிர் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். பெயர் தெரிந்துவிட்டது, ஆனால் வண்டிக்காரன் சொன்னான் என்று சொன்னால் ஊர் கேட்குமா, ஆகையால் பரணியையும் உறையையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பிக்கிற ரசலையன் வாத்தியாரிடம் போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து உறையைப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். நெசவுக்குள்ளே பொன்னிறமாக முள் முள்ளாக நின்றது, மூன்று மாதம் துவைத்தும் போகாதது, சவக்காரத்துக்கும் அசையாதது. தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், அதில் இந்தப் புழு இல்லை. ஒன்றைப் பெட்டியில் வாதா இலை போட்டு வளர்த்தார். அது கூடு கட்டியிருக்கிறது, என்ன அந்துப்பூச்சி வருகிறதென்று பார்த்துத் திருவனந்தபுரத்துக்கு எழுதப்போகிறாராம். பட்டணத்தில் கிடைக்காத அபூர்வம் இது என்று சந்தோஷத்தோடு என்னிடம் சொன்னார். நல்ல மனிதர், அவருக்குத் தெரியாது. அபூர்வம்தான், தங்குவதற்கு என் மகள் கைதான் அதற்குக் கிடைத்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வாத்தியார் எழுதிக் கொடுத்த சீட்டோடு ராஜபாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு குண்டூசியால் வெளுத்த இடங்களில் மெதுவாகக் குத்தினார், ஒவ்வொரு குத்துக்கும் அவள் கையை இழுத்தாள். நாங்கள் பயந்த வியாதியாக இருந்தால் குத்தினது தெரியாது, நமைச்சலும் இருக்காது, இது தெரிந்துகொள்ள இரண்டு நிமிஷம் போதுமே, ஏன் இத்தனை நாள் கொண்டுவரவில்லை என்று என்னை ஏசினார். இரவெல்லாம் அவள் சொறிந்து அழுததை நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன், அந்த அழுகையே அவளுக்கு அந்த வியாதி இல்லை என்பதற்குச் சாட்சி என்று தெரியாமல் போயிற்று. உறையை எரித்து, தலையணையை மாற்றி, பத்தே நாளில் கை ஆறிவிட்டது. இப்போது நிறமும் திரும்பி வருகிறது.

ஊரும் திரும்பி வந்தது. லீலாபாய் நூலை வாசலில் வைக்காமல் அடுக்களை வரை கொண்டுவந்து தந்து ஒரு வாய் காப்பியும் குடித்துவிட்டுப் போனாள். ராஜபாய் நூலை வாங்கிக்கொண்டாள். டீக்கனார் வந்து, டாக்டர் காகிதத்தைச் சபையில் வாசித்துவிடலாமா என்று கேட்டார். வாசிக்கண்டாம், அண்ணைக்கும் நீங்க ஒண்ணும் வாசிக்கேல்லியே என்று ராஜபாய் சொன்னாள். அவர் எழுந்து போனார். இந்த மாத இராப்போஜனத்துக்குப் பெண்கள் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். அவள் போய்க் கடைசியிலேயே உட்கார்ந்தாள். வீட்டிலும் அப்படித்தான், மூலையில் வைத்த வட்டிலை நான் எடுத்து மற்றதோடு சேர்த்து வைப்பேன், அவள் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பாள். சண்டை கிடையாது, அழுகை கிடையாது. சோறு வேண்டும், போதும், விளக்கை அணைக்கட்டுமா, இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

அக்டோபர் கடைசியில் முத்துநாயகம் தாமே வந்தார். ராஜபாய் கோயிலுக்குப் போயிருந்த நேரம். டாக்டர் காகிதத்தைப் பற்றித் தக்கலைவரை கேள்விப்பட்டாராம், பையனுக்கு இன்னும் மனது இருக்கிறது, பழையபடி பேசலாமா என்றார். எங்கள் பிள்ளையை விசாரிக்காமல் தள்ளினீர்களே என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் விசாரிக்கேல்லதான், பெண்ணுக்க கூடப்பிறந்தவனே எழுதினா பொறவு யாருகிட்ட விசாரிக்க என்றார். முத்துமுத்தான உன் கையெழுத்து, அதற்குப் பள்ளிக்கூடத்தில் நீ பரிசு வாங்கினதும் ஞாபகம் வந்தது. எனக்கு நீ போட்ட பதில் நாலு வரி, ஜெபத்தில் தரித்திருங்கள் என்று. டாக்டரிடம் காட்டு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அதே தேதியில் அவருக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மறைத்துப் பெண் கொடுப்பது கர்த்தருக்கு முன்பாகப் பாவம் என்றும், என் தங்கைக்கு இந்த வியாதி கண்டிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய், இருக்குமோ என்றுகூட எழுதவில்லை. இந்தச் செய்தி கொழும்பில் உன் மாமனார் வீட்டுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளும்படியும் கடைசியில் கேட்டிருக்கிறாய். உண்மை பேசுகிறவனாக உன்னை வளர்த்தேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டது உண்டு. நீ சொன்னது உண்மையுமல்ல, நீ சொல்லத் துணிந்த இடமும் உனக்கு நஷ்டம் வராத இடம்தான். ராஜபாயிடம் முத்துநாயகம் வந்து கேட்டதை மட்டும் சொன்னேன். வேண்டாம் அம்மா என்றாள். நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். உங்கள் வீட்டிலிருந்தே கடிதம் வந்தது என்று அந்த ஆள் சொன்னபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள் என்றேன் அல்லவா. இந்த வீட்டில் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். வட்டிலைத் தனியாக வைத்தவளும் நான்தான். அந்தக் கடிதத்தை எழுதினது நான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அன்றைக்கு அவள் பேச்சு நின்றது அதனால்தான். முத்துநாயகம் போன பிறகுதான் எனக்கு இது புரிந்தது. நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அடுத்த கேள்வி யார் எழுதினது என்றுதான் வரும், ஆகையால் வாயை மூடிக்கொண்டேன். உனக்காக மூடவில்லை. நான் கண்ணை மூடினபின் அவளுக்கு இந்த உலகத்தில் உடன்பிறப்பு என்று நீ ஒருவன்தானே, அதையும் நானே பறித்துவிடக் கூடாதென்று மூடினேன். சென்ற வாரம் உன் மகனுக்கென்று ஒரு தொப்பி பின்னத் தொடங்கியிருக்கிறாள், அண்ணன் பிள்ளைக்கு என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லுகிறாள். நான் செய்ததற்கு அவள் என்னை வெறுக்கட்டும், அதை வாங்கிக்கொள்ள எனக்கு நியாயம் உண்டு. நீ செய்ததற்கும் சேர்த்து வாங்க என்னால் முடியவில்லை மகனே, இரண்டு வாரம் முயன்றுபார்த்துவிட்டேன். என் வயதில் ஒரே வீட்டில் பிள்ளையின் பேச்சில்லாமல் இருப்பது கஷ்டம்.

ஆகையால் அவள் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. வேத வசனம் வேண்டாம், ஆறுதல் வேண்டாம், தக்கலைக்கு எழுதினது நான்தான் என்று எழுது. கிறிஸ்மஸ் வரை பார்ப்பேன். வராவிட்டால் உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன், அது என் பெட்டியில் இருக்கிறது. மருமகளிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஜெபம் பண்ணு, அதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டு. எவ்வளவு கோபித்தாலும் நீ நான் பெற்ற பிள்ளை, உன்னையும் உன் வீட்டையும் பெலப்படுத்திக் காத்துக்கொள்ளும்படி தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதை நிறுத்தமாட்டேன். உன் தங்கைக்கு எழுத மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற தாய்,
நேசபாய்

பின்குறிப்பு: எழுதி முடித்து மைக்கூட்டை மூடும்போது ராஜபாய் பின்னின லேஸைக் கொடுக்க லீலாபாய் வீட்டுக்குப் புறப்பட்டு வந்து நின்றாள். தபாலாபீஸ் அந்த வழியில்தான். அண்ணனுக்குக் கடுதாசி உண்டா, போட்டுருகேன் என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் அவளாக வந்து என்னிடம் கேட்ட முதல் வார்த்தை இது. கிறிஸ்மஸ் வரை என்று மேலே எழுதினதை அடிக்கவில்லை, ஆனால் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்று இப்போது தெரிகிறது. கடித உறையில் விலாசம் எழுதி ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். வீட்டில் பசை தீர்ந்துபோயிற்று, தபாலாபீஸில் ஒட்டிப் போடு என்று சொல்லுவேன். பசை தீரவில்லை.